யாருக்குக் கீழ்ப்படிவது?
தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபை: சில குறிப்புகள்

தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபை என்றதும் நம்மில் பலருக்கும் டெஸ்மண்ட் டூட்டுவின் முகம்தான் நினைவுக்கு வரும். அவர் கேப் டவுனின் தலைமைப் பேராயரானது 1986-இல். அதற்கு முன்னால் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் பெருமைக்குரியதும் உண்டு, தலைகுனிய வேண்டியதும் உண்டு. படிக்கப் படிக்க ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: ஒரு திருச்சபை யாருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிகிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதி வைத்த குறிப்புகள் இவை.

*

முதலில் எல்லை. இது ஒரு நாட்டின் திருச்சபை மட்டுமல்ல. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாத்தினி, நமீபியா, அட்லாண்டிக் நடுவே நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலெனா தீவு எல்லாம் சேர்ந்து ஒரே திருச்சபை மாகாணம். மொசாம்பிக்கும் அங்கோலாவும் 2021 வரை இதற்குள் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் அவை தனி மாகாணமாகப் பிரிந்தன. செயின்ட் ஹெலெனாவில் 1859 முதல் தனித் திருமண்டலம் உண்டு. 2017 வரை அந்தத் தீவுக்குப் பயணிகள் விமானமே கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில்தான் போக வேண்டியிருந்தது.

எல்லை இப்படி விரிந்திருந்ததால் ஒரு நன்மை விளைந்தது. இனவெறி அரசு தன் குடிகளைத் தோல் நிறத்தால் பிரித்துக்கொண்டிருந்த நாளில், இந்த மாகாணத்தின் ஆட்சி மன்றமான சினாடில் வெவ்வேறு நாட்டவரும் வெவ்வேறு மொழியினரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

*

கேப் பகுதி 1806-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆனால் நாற்பது ஆண்டுக்கு அங்கே பேராயர் இல்லை. ஆளுநரே திருச்சபைக் காரியங்களுக்கும் மேலதிகாரி. கல்கத்தாவுக்குக் கப்பலேறிய பேராயர்கள் வழியில் கேப்பில் இறங்கி, திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டுப் போவார்கள். ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற பெரும் செல்வச் சீமாட்டி நிதி கொடுத்த பிறகுதான் கேப் டவுன் திருமண்டலம் பிறந்தது. 1847 ஜூன் 29 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் ராபர்ட் கிரே அதன் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1848 தொடக்கத்தில் கேப் டவுன் வந்து இறங்கினார்.

கிரே உடல் நலிந்தவர், மன உறுதி மிக்கவர். குதிரையிலும் வண்டியிலுமாக மாதக்கணக்கில் திருமண்டலத்தைச் சுற்றினார். பல பயணங்களில் மனைவி சோஃபியும் உடன் போனார். சோஃபி வரைந்த தேவாலயங்கள் நாற்பது வரை இருக்கும் என்கிறார்கள். கணக்கையும் கடிதங்களையும் அவரே பார்த்துக்கொண்டார். கேப் மாகாணத்துச் சிற்றூர்களில் கருங்கல் சுவரும் சரிந்த கூரையுமாக இன்றும் நிற்கும் பல கோயில்கள் அவர் கைவண்ணம். திருச்சபை வரலாறுகளில் கிரேக்குப் பல அத்தியாயங்கள் கிடைத்தன. சோஃபிக்கு அவற்றில் சில பத்திகளே கிடைத்தன.

*

கொலென்சோ வழக்கு. இந்த மாகாணத்தின் வரலாறு முழுவதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஜான் வில்லியம் கொலென்சோ கணித ஆசிரியர். அவர் எழுதிய பாடநூல்கள் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக இருந்தன. 1853-இல் நேட்டாலின் முதல் பேராயரானார். ஜூலு மொழி கற்று இலக்கணமும் அகராதியும் செய்தார். பல மனைவியரோடு வாழ்ந்தவர் கிறிஸ்தவரானால் மற்ற மனைவியரைத் தள்ளிவிட வேண்டும் என்று மிஷனரிகள் கட்டாயப்படுத்தினார்கள். தள்ளப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று கேட்டவர் கொலென்சோ. ஜூலு மக்கள் அவரை ‘சோபன்ட்டு’ என்றார்கள், மக்களின் தந்தை என்று.

வேதாகமத்தை ஜூலுவுக்கு மொழிபெயர்க்கத் துணையாக இருந்தவர் வில்லியம் இங்கிடி. நோவாவின் பேழையில் எல்லா உயிரினங்களும் ஏறின என்பதெல்லாம் உண்மையா என்று அவர் நேராகக் கேட்டார். கொலென்சோவால் ஆம் என்று சொல்ல மனம் வரவில்லை. எண்ணிக்கையும் அளவும் கணக்கும் பார்த்து, மோசேயின் ஐந்து ஆகமங்களை வரி வரியாக ஆராயத் தொடங்கினார். 1862 முதல் அந்த ஆய்வு பகுதி பகுதியாக வெளிவந்தது. இங்கிலாந்தே கொந்தளித்தது. ஜூலு உதவியாளர் ஒருவரின் கேள்வியால் ஒரு பேராயரின் எண்ணம் மாறியது என்பதுகூட அன்று பலருக்கு அவமானமாகப் பட்டது.

கிரே 1863-இல் கேப் டவுனில் விசாரணை நடத்தி, கொலென்சோவைப் பதவி நீக்கினார். கொலென்சோ லண்டனில் அரச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1865-இல் தீர்ப்பு வந்தது: சொந்தச் சட்டமன்றம் உள்ள குடியேற்றத்தில், அரசியின் ஆணைப் பத்திரம் மட்டும் ஒரு பேராயருக்கு இன்னொரு பேராயர்மேல் நீதி செலுத்தும் அதிகாரத்தைத் தராது. கொலென்சோ பதவியில் நீடித்தார். 1866-இல் கிரே அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். 1869-இல் நேட்டாலுக்கென்று வேறொரு பேராயர் அபிஷேகம் பெற்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் இரண்டு பேராலயங்கள், இரண்டு பேராயர்கள், இரண்டு சபைகள்.

1867-இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் முதல் லாம்பெத் மாநாடு கூடியதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம். 76 பேர் வந்தார்கள். கொலென்சோவுக்கு அழைப்பு இல்லை.

*

கிரே, கொலென்சோ இருவரில் யார் சரி என்று கேட்டால் என்னால் ஒரே பெயரைச் சொல்ல முடியாது.

வேதத்தைப் படிக்கும் முறையில் காலம் கொலென்சோ பக்கம் வந்துவிட்டது. அவர் அன்று கேட்ட கேள்விகளை இன்று இறையியல் கல்லூரிகள் முதலாண்டிலேயே கற்பிக்கின்றன. மனிதருக்காக நின்றதிலும் அவர் முன்னால் இருந்தார். 1873-இல் லங்காலிபலேலே என்ற லூபி இனத் தலைவரை நேட்டால் அரசு பிடித்து, ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தண்டித்தபோது, அவருக்காக வாதாட லண்டன் வரை போனவர் கொலென்சோ. வெள்ளைக் குடியேறிகளின் நட்பை அதோடு இழந்தார். 1879-இல் இசாண்டில்வானாவில் ஆங்கிலப் படை அழிந்த பிறகு, ஊரே துக்கத்திலும் வெறியிலும் இருந்தபோது, ஜூலு நாட்டின்மேல் படையெடுத்ததே அநீதி என்று பிரசங்க பீடத்தில் நின்று பேசினார். 1883-இல் அவர் இறந்த பிறகு அவருடைய மகள் ஹேரியட் ஜூலு அரச குடும்பத்துக்காகத் தொடர்ந்து போராடினார்.

ஆனால் கிரே கேட்ட கேள்வியும் அசைக்க முடியாதது. திருச்சபையின் போதனையை யார் தீர்ப்பது? லண்டனில் உள்ள அரச நீதிமன்றமா, திருச்சபையே அமைத்துக்கொண்ட சினாடா? அந்தக் கேள்விக்கு அவர் அமைப்பு வழியாகப் பதில் தேடினார்.

*

1870-இல் கேப் டவுனில் முதல் மாகாணச் சினாடு கூடிச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதில் மூன்றாம் நிபந்தனை என்று ஒரு பிரிவு உண்டு. விசுவாசம், போதனை குறித்துத் தன் சொந்தத் திருச்சபை நீதிமன்றங்கள் அல்லாத வேறெந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் இந்த மாகாணம் கட்டுப்படாது என்பது அதன் சாரம். 1882-இல் கிரேம்ஸ்டவுன் பேராயர் மெரிமனுக்கும் பேராலயத் தலைமைக் குருவான டீன் வில்லியம்ஸுக்கும் நடந்த வழக்கில், இந்த நிபந்தனையைக் காட்டியே, இது சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் பகுதி இல்லை என்று பிரிவி கவுன்சில் சொன்னது. அதை ஏற்காதவர்கள் தனிச் சபையாக ஒதுங்கினார்கள். அவர்களுடைய வழிவந்த சபை இன்றும் தனியாகவே இயங்குகிறது.

கிரே இந்தச் சுதந்திரத்தைக் கேட்டது கொலென்சோவை அடக்க. தொண்ணூறு ஆண்டுக்குப் பின் அதே சுதந்திரம் இனவெறி அரசை எதிர்க்கப் பயன்பட்டது. இதை மறக்கக் கூடாது.

*

பேராயர் தேர்வு. இங்கிலாந்தில் பேராயரை நியமிப்பது அரசு. தென்னாப்பிரிக்காவில் குருமாரும் சபை மக்களின் பிரதிநிதிகளும் தேர்தல் அவையில் கூடி வாக்களிக்கிறார்கள். இரு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முடிவு பேராயர்களின் கைக்குப் போகும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்த அவையில் நெடுங்காலம் கைதூக்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சபையில் முழங்காலிட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

கேப் டவுனின் பட்டியலைப் பார்த்தால் தெரியும். வெஸ்ட் ஜோன்ஸ் 1874-இல் வந்து 1897-இல் தலைமைப் பேராயர் என்ற பட்டத்தை முதலில் பெற்றார். பிறகு கார்ட்டர், ஃபெல்ப்ஸ், டார்பிஷையர், கிளேட்டன், டி பிளாங்க், செல்பி டெய்லர். எல்லாரும் கடல் கடந்து வந்தவர்கள். 1974-இல் வந்த பில் பர்னெட்தான் அந்த மண்ணில் பிறந்த முதல் தலைமைப் பேராயர். அவரும் வெள்ளையர்.

*

ஜேம்ஸ் டுவானே. மெதடிஸ்ட் சபையில் குருவாக இருந்தவர். வெள்ளை மிஷனரிகளின் மேலாதிக்கம் பொறுக்காமல் வெளியேறி, ஆப்பிரிக்கர் நடத்தும் எத்தியோப்பியத் திருச்சபை இயக்கத்தில் சேர்ந்தார். 1900-இல் அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் ஆங்கிலிக்கன் மாகாணத்துக்குள் ‘எத்தியோப்பிய அணி’ என்ற தனி அமைப்பாக ஏற்கப்பட்டார்கள். தங்களுக்கென்று ஒரு பேராயர் வேண்டும் என்பது அவர்களுடைய நீண்டநாள் எதிர்பார்ப்பு. அது நிறைவேறியது 1983-இல். எண்பத்து மூன்று ஆண்டு. இதற்கு எந்தச் சமாதானமும் போதாது.

மாகாணத்தின் முதல் கறுப்பினப் பேராயர் ஆல்ஃபியஸ் ஜூலு. ஆண்டு 1960. முதலில் துணைப் பேராயர், 1966-இல்தான் ஜூலுலாந்தின் முழுப் பேராயர்.

*

மான்சே மாசெமோலா. வடக்கே செகுகுனேலாந்தில் ஒரு பேடி இனச் சிறுமி. பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். ஞானஸ்நான வகுப்புக்குப் போகக் கூடாது என்று பெற்றோர் அடித்தார்கள். அவள் போனாள். என் சொந்த இரத்தத்திலேயே ஞானஸ்நானம் பெறுவேன் என்று சொன்னதாக நினைவுகூர்கிறார்கள். 1928 பிப்ரவரியில் பெற்றோர் கையாலேயே இறந்தாள். ஞானஸ்நானம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. நாற்பது ஆண்டு கழித்து, 1969-இல், அவளுடைய தாய் ஞானஸ்நானம் பெற்றார்.

வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் மேற்கு வாசலுக்கு மேலே இருபதாம் நூற்றாண்டு இரத்தசாட்சிகள் பத்துப் பேருக்குச் சிலை உண்டு. 1998-இல் திறக்கப்பட்டது. அந்தப் பத்தில் மான்சேயும் ஒருத்தி. கிரே அபிஷேகம் பெற்ற அதே மடாலயம். மாகாணத்தின் தலைவர்கள் என்று பட்டியல் போடும்போது இந்தச் சிறுமியையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன்.

*

நேட்டாலும் நம்மவரும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள். தொடர்ந்து வந்த கப்பல்களில் தமிழும் தெலுங்கும் பேசிய கிறிஸ்தவர்களும் போனார்கள். அவர்களுக்கிடையே டர்பனில் உருவானது செயின்ட் எய்டன் மிஷன். அதை நடத்திய பூத், குருவாகவும் மருத்துவராகவும் இருந்தார். ஏழைகளுக்கு இலவச வைத்தியம். பார்சி ருஸ்தம்ஜி என்ற வணிகரின் கொடையில் அவர் பொறுப்பில் ஒரு சிறு மருத்துவமனை எழுந்தது. அங்கே மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலையை நாள்தோறும் சிறிது நேரம் செய்தவர் வழக்கறிஞர் காந்தி. 1899-இல் போயர் போரின்போது இந்தியர் ஆம்புலன்ஸ் படைக்குப் பயிற்சி கொடுத்தவரும் பூத்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அந்தப் படையில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள்.

அந்த மண்ணிலிருந்தே எழுந்தவர் பெர்னார்ட் சிகாமணி. ஆசிரியர். 1917-இல் டர்பனில் இந்தியத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். பின்னர் இறையியல் படித்து ஆங்கிலிக்கன் குருவாகி ஜோகன்னஸ்பர்க்கில் பணி செய்தார். கூலிகளின் பேரப்பிள்ளை சங்கம் வைத்ததும் குருப்பட்டம் பெற்றதும் ஒரே வாழ்வில் நடந்தது.

1946-இல் இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தை எதிர்த்து, மான்டி நாயக்கர் முதலியோர் தலைமையில் டர்பனில் சாத்வீக எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. அதில் நம்மவரோடு நின்று மூன்று மாதம் சிறை போனவர் மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கன் குரு. அவருடைய பேராயர் கிளேட்டன். ஸ்காட்டின் வழி கிளேட்டனுக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கு, நிதானம், சட்டம் என்று போகிறவர் கிளேட்டன். அடுத்த குறிப்பை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

*

1957. ஆப்பிரிக்கர்கள் வெள்ளையர் பகுதியில் உள்ள கோயில்களுக்கு ஆராதனைக்குப் போவதைத் தடுக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் மசோதா ஒன்றை அரசு கொண்டுவந்தது. அப்போது கிளேட்டன் கேப் டவுனின் தலைமைப் பேராயர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சட்டத்தை மதித்தவர். மார்ச் 6, சாம்பல் புதன். பேராயர்கள் சார்பில் பிரதமர் ஸ்ட்ரைடமுக்கு ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். இந்தச் சட்டம் வந்தால் நாங்கள் கீழ்ப்படிய மாட்டோம், எங்கள் மக்களுக்கும் கீழ்ப்படியச் சொல்ல மாட்டோம் என்பது அதன் உள்ளடக்கம். மறுநாள் கிளேட்டன் இறந்துபோனார்.

சட்டம் சில மாற்றங்களோடு நிறைவேறியது. அதே ஆண்டில் பேராயர்களின் சுற்றுமடல் சபைகளில் வாசிக்கப்பட்டது. யார் வந்தாலும் கோயில் கதவு திறந்திருக்கும் என்று சொன்னார்கள். போராட்டக்காரர் ஒருவர் சட்டத்தை மீறுவது எதிர்பார்க்கக்கூடியது. சட்டத்தின் மனிதர் ஒருவர், நெஞ்சு நடுங்கியபடியே, மீறுவேன் என்று எழுதிக் கொடுத்ததை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

*

இதே தலைவர்கள் தவறிய இடம் பள்ளிக்கூடம். 1953-இல் வந்த பான்ட்டு கல்விச் சட்டம், கறுப்பினப் பிள்ளைகள் உடலுழைப்புக்கு மேல் எதற்கும் படிக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் பிறந்தது. மிஷன் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் மானியம் நின்றுவிடும். ஜோகன்னஸ்பர்க் பேராயர் ஆம்புரோஸ் ரீவ்ஸ், ஒப்படைக்க மாட்டேன் என்று 1955-இல் பள்ளிகளை மூடினார். மற்றப் பேராயர்கள் பலரும் கட்டடங்களை வாடகைக்கு விட்டார்கள். தெருவில் நிற்கும் பிள்ளைகளைவிட அரைகுறைப் படிப்பாவது மேல் என்பது அவர்கள் வாதம். மாகாணம் ஒரே குரலில் பேசியிருந்தால் அரசு தயங்கியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

மூடப்பட்ட பள்ளிகளில் ரோசட்டன்வில் செயின்ட் பீட்டர்ஸும் ஒன்று. ஆலிவர் டாம்போ அங்கே படித்தவர், ஆசிரியராகவும் இருந்தவர். குருத்துவப் பயிற்சிக்கு ஏற்கப்பட்டிருந்த நேரத்தில், 1956 டிசம்பரில், தேசத்துரோக வழக்கில் கைதானார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை வெளிநாட்டிலிருந்து முப்பது ஆண்டு வழிநடத்தியவர், ஒரு கைதால் குருவாகாமல் போனவர்.

*

நாடு கடத்தப்பட்டவர்கள், துரத்தப்பட்டவர்கள்:

டிரெவர் ஹடில்ஸ்டன். ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த சோஃபியாடவுன் மக்களோடு பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தவர். 1955 பிப்ரவரியில் அந்த ஊரை அரசு இடித்தபோது எதிர்த்து நின்றார். மறு ஆண்டு அவருடைய துறவு சபையே அவரை இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1998-இல் இறந்த பின் அவருடைய அஸ்தி சோஃபியாடவுன் கிறிஸ்து அரசர் கோயிலுக்குத் திரும்பி வந்தது.

ஆம்புரோஸ் ரீவ்ஸ். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களிடம் வாக்குமூலம் திரட்டி உண்மையை உலகுக்குச் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டார்.

கான்வில் ஃபிரென்ச்-பெய்டா. ஜோகன்னஸ்பர்க் பேராலயத்தின் டீன். அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார். 1971-இல் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் ஐந்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் மறு ஆண்டு விடுதலை.

நமீபியாவில் ராபர்ட் மைஸ் 1968-இல், காலின் வின்ட்டர் 1972-இல், ரிச்சர்ட் வுட் 1975-இல். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேராயர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்த வெள்ளையர். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. அவர்களைக் கோயில் வாசலில் நின்று வழியனுப்பிய மக்களுக்கு அப்படி இல்லை. பெயர் பதிவாகாத உபதேசியார்களும் தாய்மார் சங்கத்துப் பெண்களும் அங்கேயே இருந்து அடியை வாங்கினார்கள்.

*

டூட்டு. 1931-இல் கிளெர்க்ஸ்டார்ப்பில் பிறந்தார். தாய் வீட்டு வேலை செய்தவர். ஒருநாள் தெருவில் போன வெள்ளைக் குரு ஒருவர் தன் தாயைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தி வணங்கியதை டூட்டு கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரு ஹடில்ஸ்டன். பிறகு காசநோயில் டூட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது வந்து பார்த்துக்கொண்டவரும் அவரே. பான்ட்டு கல்விச் சட்டத்தின்கீழ் பாடம் நடத்த மனமில்லாமல் டூட்டு ஆசிரியர் வேலையை விட்டார். குருவானார்.

1975-இல் ஜோகன்னஸ்பர்க்கின் முதல் கறுப்பின டீன். டீனுக்கான பங்களா இருந்தும் கறுப்பினத்தவர் பகுதியான சொவெட்டோவில் குடியிருந்தார். 1976 மே மாதம் பிரதமர் ஃபோர்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார்: மக்கள் பொறுமை எல்லை கடக்கிறது, இரத்தம் சிந்தும் என்று அஞ்சுகிறேன். அடுத்த மாதம் சொவெட்டோவில் பிள்ளைகள் சுடப்பட்டார்கள். பிறகு லெசோத்தோ பேராயர், தென்னாப்பிரிக்கத் தேவாலயங்கள் கவுன்சிலின் பொதுச் செயலாளர், 1984-இல் நோபல் அமைதிப் பரிசு, 1985-இல் ஜோகன்னஸ்பர்க் பேராயர், 1986-இல் கேப் டவுன்.

தலைமைப் பேராயரின் பிஷப்ஸ்கோர்ட் மாளிகை இருந்தது வெள்ளையர் பகுதியில். கறுப்பினத்தவர் அங்கே குடியிருக்க அன்று அரசின் அனுமதி வேண்டும். டூட்டு அனுமதி கேட்கவில்லை, குடியேறினார். 1990 பிப்ரவரி 11 அன்று சிறையிலிருந்து வந்த மண்டேலா முதல் இரவைக் கழித்தது அந்த வீட்டில்.

1985 ஜூலையில் துதூசா என்ற கறுப்பினக் குடியிருப்பு. ஓர் இறுதி ஊர்வலத்தில், போலீஸ் உளவாளி என்று சந்தேகித்து ஒருவரை உயிரோடு எரிக்கக் கூட்டம் இழுத்தது. டூட்டுவும் சக பேராயர்களும் உள்ளே புகுந்து அவரை மீட்டார்கள். அரசை எதிர்ப்பதற்கு வேண்டிய துணிச்சல் ஒன்று. தன் சொந்த மக்களின் கோபத்துக்குக் குறுக்கே நிற்பதற்கு வேண்டியது அதைவிடப் பெரிது.

1989 செப்டம்பர் 13: கேப் டவுன் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலிருந்து முப்பதாயிரம் பேரோடு அமைதி ஊர்வலம்.

1990-இல் அரசியல் கட்சிகள்மீதிருந்த தடை நீங்கியதும் பேராயர்கள் எடுத்த முடிவு: குருமார் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. வெற்றி வாசலில் நின்றபோது எடுத்த முடிவு இது. ஆளப்போவது நம்மவர் என்பதால் திருச்சபை வாயை மூடிக்கொள்ளக் கூடாது என்று டூட்டு முன்கூட்டியே நினைத்தார். அவருடைய தலைமையில் எனக்கு மிகவும் மதிப்புள்ள செயல் இதுவே.

1994-இல், 62 வயதில், முதன்முறையாக வாக்களித்தார். 2021 டிசம்பர் 26 அன்று மறைந்தார். அவர் விருப்பப்படி மிக மலிவான பைன் மரப் பெட்டியில் உடலை வைத்தார்கள்.

*

பின்வந்தவர்கள். 1996-இல் பொறுப்பேற்ற ஞொங்கொன்குலு இன்டுங்கானே, அறுபதுகளில் ராபன் தீவுச் சிறையில் மூன்று ஆண்டு கைதியாக இருந்தவர். ஏழை நாடுகளின் கடனை நீக்கவும், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கவும் குரல் கொடுத்தார். 2008 தொடக்கத்தில் வந்த தாபோ மக்கோபா அலெக்சாண்ட்ராவில் பிறந்தவர், உளவியல் படித்தவர். ஜேக்கப் ஜூமா ஆட்சியின் ஊழலைப் பிரசங்க பீடத்திலிருந்து கண்டித்தார். 1990-இல் போட்ட அந்த விதி இங்கே பலன் கொடுத்தது.

1992-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சினாடு முடிவெடுத்தது. 2012 நவம்பரில் ஸ்வாசிலாந்தில் (இன்றைய எஸ்வாத்தினி) எலினா வமுகோயா பேராயரானார். ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் ஆங்கிலிக்கன் பெண் பேராயர். நகராட்சி நிர்வாகத்தில் வேலை பார்த்து, பிறகு குருத்துவத்துக்கு வந்தவர். 2021 ஜனவரியில் கொரோனாவால் இறந்தார். 2013 ஜனவரியில் ஃபால்ஸ் பே திருமண்டலத்துக்கு மார்கரெட் வெர்ட்யூ.

தலைகுனிவும் உண்டு. இங்கிலாந்திலும் ஜிம்பாப்வேயிலும் சிறுவர்களைக் கொடுமைப்படுத்திய ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் 2001 முதல் 2018-இல் இறக்கும் வரை தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார், ஆங்கிலிக்கன் சபையிலும் பழகினார். 2013-இல் இங்கிலாந்திலிருந்து எச்சரிக்கை வந்தும் போதிய நடவடிக்கை இல்லை. மக்கோபா விசாரணைக் குழு அமைத்தார், மன்னிப்பும் கேட்டார். நாட்டின் அநீதியை எதிர்த்த திருச்சபை தன் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பதில் அதே விழிப்போடு இருக்கவில்லை.

*

தொகுத்துச் சொன்னால்: 1870-இல் இந்த மாகாணம் தன் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. அந்தச் சுதந்திரத்தை யாருக்காகச் செலவிடுவது என்று தெரிந்துகொள்ள அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. ஒவ்வொரு முறையும் முன்னால் நடந்தவர்கள் கீழே இருந்தவர்கள்: கேள்வி கேட்ட வில்லியம் இங்கிடி, வகுப்புக்குப் போன மான்சே, சங்கம் வைத்த சிகாமணி, சிறை போன ஸ்காட். பேராயர்கள் பின்னால் வந்தார்கள். வந்தவர்களில் நல்லவர்கள் தங்கள் பெயரையும் கையெழுத்தையும் அந்த மக்களுக்கு அரணாகக் கொடுத்தார்கள்.

நம் திருமண்டலங்களிலும் தேர்தல் நடக்கிறது, வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போகின்றன. சொத்து, பதவி, கணக்கு பற்றித்தான் அந்த வழக்குகளில் பேச்சு. அடுத்த முறை வாக்குச் சீட்டு கைக்கு வரும்போது சபை மக்கள் வேட்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஊரில் ஒதுக்கப்பட்டவர் பக்கம், விலை கொடுத்து, எப்போதாவது நின்றதுண்டா? பதில் இல்லையென்றால் அவருக்கு வாக்களிக்காதீர்கள்.